ஆறு வாரத்து ஸ்பிரிங்

ஒன்பதாவது தடவை அழுத்தியபோது சுண்டுவிரல் பாதியில் நின்றுவிட்டது.

நான் நாளொன்றுக்கு இருநூற்றுப் பத்துத் தடவை அழுத்துகிறவள்.

திரும்பவும் அழுத்தினேன். பொத்தான் அசையவில்லை. மற்ற விரல்களும் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன.

அந்தக் கருவி, எங்கள் கிட்டார் வகுப்பில் 'நானா' என்று அண்ணன் முறையில் நான் கூப்பிடும் முனாப்புடையது. நான்கு விரல்களுக்கு நான்கு பொத்தான்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பிரிங். கிட்டார் பழகுகிறவர்களின் விரல்களுக்குப் பலம் ஏற்றுவதற்கென்று விற்கிறார்கள். என்னிடம் இருப்பதைப் பார்த்துவிட்டு அதே சாமானை அவரும் நேற்று வாங்கியிருந்தார்.

"தொழுதுட்டு வாரேன் தர்ஷனா, இதப் பாத்துக்கோங்க. ஒங்கட விரலுக்கு இதெல்லாம் பஞ்சுதானே" என்று மஃரிப் தொழுகை இடைவேளையில் என் கதிரையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பஞ்சு.

பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன். அதே நிறம், அதே எடை. விரல் பட்டதும் பொத்தான் தானாகவே இறங்கியது.

முனாப்புடையதை அழுத்தினேன். இரும்பு. என்னுடையதை அழுத்தினேன். காற்று.

கொப்பியைத் திறந்தேன். ஆறு வாரங்களாகக் குண்டசாலை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அழுத்தி, திகதி போட்டு, விரலுக்கு விரல் எழுதிய கணக்கு. முதல் நாள் பத்து. இரண்டாம் வாரம் நாற்பது. நேற்று இருநூற்றுப் பத்து.

புதிய ஸ்பிரிங்கில் இன்று ஒன்பதுகூட இல்லை.

இந்த ஆறு வாரத்தில் மாறியது என் விரல் இல்லை. ஸ்பிரிங். அது தளர்ந்துபோன கதையைத்தான் நான் இத்தனை ஒழுங்காக எழுதி வந்திருக்கிறேன்.

எஃப் கோட், ஆறு கம்பிகளும் ஒன்றாய் ஒலிக்க வேண்டிய அந்தச் சுரக்கூட்டு, எனக்கு வரவில்லை. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் படுக்கவைத்து அழுத்த வேண்டும். நான் அழுத்தினால் கம்பிகள் செத்த சத்தம் போடும். ஒவ்வொரு வாரமும் பலம் போதவில்லை என்று எண்ணி, எண்ணிக்கையைக் கூட்டினேன். கோட் வராவிட்டாலும் எண்ணிக்கை ஏறியது. அதை நம்பித்தான், சனிக்கிழமை மேடையில் வாசிப்பேன் என்று புசல்லாவையில் இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா லீவு கேட்டு வாங்கிவிட்டார்.

யார் மேடை ஏறுவது என்று எங்கள் கிட்டார் ஆசிரியர் கஜேந்திரன் சேர் இன்றைக்குத்தான் முடிவு செய்கிறார். எஃப் கோட்டை இரண்டு சுற்றிலும் சுத்தமாக வாசிக்க வேண்டும்.

முனாப் திரும்பி வந்தார். சேர் என் பெயரைக் கூப்பிட்டார்.

கிட்டாரைத் தூக்கவே கை மறுத்தது. விரல்களில் ஒரு துளி பலமும் மிச்சமில்லை. அழுத்த முடியாதென்று தெரிந்தே விரலைக் கம்பிகளின் மேல் சும்மா சாய்த்து வைத்தேன். வலது கையால் ஒருமுறை இழுத்தேன்.

ஆறு கம்பிகளும் பேசின.

மாடியிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே அது வேறு யாரோ வாசித்ததுபோல் இருந்தது.

"இறுக்காதைங்கோ இறுக்காதைங்கோ எண்டு எத்தினை நாளாச் சொன்னனான்" என்றார் சேர்.

சொன்னார்தான். என்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மற்ற ஏழு பேரும் வாசித்து முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. இரண்டாவது சுற்று நெருங்கியதும் மூலையில் திரும்பி உட்கார்ந்து மெதுவாக எஃப் வைத்துப் பார்த்தேன்.

செத்த சத்தம்.

இறுக்கக் கூடாது என்று மனம் சொன்னது. கை கேட்கவில்லை. இளைப்பாறிய விரல்கள் தம் பழைய பிடியைப் பிடித்துக்கொண்டன. மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் அதே சத்தம்.

சேர் என் பெயரைத் தேடிக் கொப்பியில் விரலை ஓட்டினார்.

முனாப்பின் மடியில் கிடந்த கருவியைக் கேட்காமலே எடுத்தேன். அழுத்தினேன். ஐந்து. ஆறு. ஏழாவதில் விரல் நின்றது. நின்ற பிறகும் அழுத்தினேன்.

"சோதினை மண்டப வாசல்லயும் படிக்கிற ஆள் நீங்க" என்று முனாப் சிரித்தார்.

கை தொங்கிப்போனதும் எழுந்து போய் உட்கார்ந்தேன். விரலைச் சாய்த்து வைத்தேன்.

ஆறும் பேசின.

சேர் என் பெயரை முதலாவதாக எழுதினார். பிறகு எல்லோரையும் பார்த்து, இந்தக் கருவிகளைத் தான் இத்தனை நாளும் விளையாட்டுச் சாமான் என்றே நினைத்திருந்ததாகவும் அது பிழை என்றும் சொன்னார். இரண்டு பேர் அங்கேயே போனை எடுத்து விலை தேடினார்கள். முனாப் தன்னுடையதைச் சட்டையில் துடைத்தார்.

அது விரலைப் பலமாக்கவில்லை, களைக்கத்தான் வைத்தது என்று சொல்ல வாய் திறந்தேன். சனிக்கிழமை கதிரை வரிசையில் அம்மா இருப்பார். மேடைக்குப் பின்னால் நான் இருப்பேன், நன்றாக இளைப்பாறிய விரல்களோடு.

"முனாப் நானா, சனிக்கிழமை அத எனக்குக் கொஞ்சம் தருவீங்களா?"

அவர் என் பையைப் பார்த்தார்.

"ஒங்கள்ட்டதான் ஒன்னு இருக்கே?"