படிப்பகத்து பல்பு

தெருச் சங்கத் தலைவருக்கு முந்தின நாள்தான் பிரிவு உபசார விழா நடந்திருந்தது. நாற்பது வருடம் சேவை செய்ய வாய்ப்புத் தந்த தெருவுக்குத் தழுதழுக்க நன்றி சொல்லிவிட்டு வந்தவர், காலையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெங்காயத்தை இவ்வளவு பெரிசாவா நறுக்குவாங்க?"

மனைவி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். சற்று நேரத்தில் போன் அடித்தது. படிப்பகத்துக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

"தலைவரே, நம்ம சங்கப் படிப்பகத்துல பல்பு எரியல."

"அந்த ஒரு பல்பு மட்டும் காலம் பூரா லூசாகிக்கிட்டே இருக்கு. நான் இல்லாம உங்களுக்கு ஒண்ணுமே ஓடாதா?"

அலுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார். பாதித் தெருவில் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்து திரும்பினார். உள்ளே மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பிட்டார், தையல்காரண்ணே. இத்தனை வருஷமா நீங்கள்லாம் இல்லன்னா நான் எப்பவோ வீட்டை விட்டு ஓடியிருப்பேன். ஆனா இனிமே பல்பைக் கழட்டாதீங்க. ஏணி ஏறினா அவருக்கு முட்டி வலிக்குது. கீழ இருக்கற குழாய் எதையாவது கழட்டி வைங்க."

அவர் கண்ணாடியை எடுக்காமலே ஓசைப்படாமல் படியிறங்கினார்.

படிப்பகத்தில் தையல்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பல்பை இறுக்கிவிட்டு மெல்ல இறங்கிய தலைவர், "ரொம்ப நன்றி, தையல்காரரே" என்றார்.

"நாங்கதான் தலைவரே உங்களுக்குச் சொல்லணும்."

"அது நேத்து விழாவோட முடிஞ்சது. நாளைக்குக் குழாயைக் கழட்டும்போது கொஞ்சம் பெரிய வேலையாவே பண்ணி வைங்க. பாவம், சாயங்காலம் வரைக்குமாவது அவளுக்கு ஓய்வு வேணும்."