எந்த முன்கோபி?

மகள் அஸீமாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையை விசாரிக்கத்தான் கச்சி முகம்மது ஏறாவூரிலிருந்து காத்தான்குடிக்கு வந்தார். வந்தவர் நேரே மாப்பிள்ளை றம்ஸீனின் அடுத்த வீட்டுக் கேற்றைத் தட்டினார்.

"றம்ஸீனைப் பத்தியா?" வீட்டுக்காரர் ஆதம்பாவாவின் முகம் சுருங்கியது. "நானும் அவனும் கதைக்கிறல்ல."

"தெரியும். அதுக்குத்தான் உங்கக்கிட்ட வந்தன் தம்பி. அவன்ட ஆக்கள் தங்கமான பொடியன் எண்டுதானே சொல்லுவாங்க."

தேத்தண்ணி கொண்டுவந்த றம்லா கணவனுக்குக் கண்ணைக் காட்டினாள், ஒரு கலியாணத்தைக் குழப்பிப்போடாதீங்க என்று.

ஆதம்பாவா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"முன்கோபி" என்றார்.

கச்சி முகம்மது தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "எந்த முன்கோபி?"

"அதுல என்ன ரெண்டு வகை?"

"இரிக்கி தம்பி. மூத்த மகளுக்கு விசாரிக்கக்குள்ளயும் இதைத்தான் சொன்னாங்க. 'கொஞ்சம் முன்கோபி, மத்தப்படி நல்லவன்' எண்டு. பொண்டாட்டிக்கு அடிக்கிறவனுக்கும் அதே சொல்லுத்தான் எண்டு கட்டிவச்ச பிறகுதான் விளங்கிச்சு. நம்ம வழக்கத்துல மாப்பிள்ளை பொண் வீட்டுக்குத்தானே வாறது? நான் கட்டிக் குடுத்த வீட்டுக்குள்ள வச்சே அடிச்சான்."

றம்லா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சொல்லுங்க. கை நீட்டுவானா?"

"சே! வாய்தான். நான் குப்பைக்கு நெருப்பு வச்சன். அவன்ட உம்மாக்கு இழுப்பு வருத்தமாம், புகை ஒத்துக்காதாம். மதில்ல ஏறி நிண்டு ஊருக்கே கேக்கக் கத்தினான். என்ட வயசுக்கும் மரியாதையில்ல!"

"பிறகு?"

"விடியவே வந்து மாப்புக் கேட்டான். நான் குடுக்கல்ல."

"ஏன்?"

"கத்தினது தெருவுக்குக் கேக்க. மாப்புக் கேட்டது வீட்டுக்குள்ள. அது சரியா?"

"பெருநாள் அண்டு தெருவுல வச்சும் கேட்டானே" என்றாள் றம்லா.

"அப்பயும் நான் குடுக்கல்ல!"

கச்சி முகம்மதுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "சரி, கோபம் ஒரு குறை. வேற என்ன குறை? பொம்புளப் புள்ளட வாழ்க்கை தம்பி, மறைக்காமச் சொல்லுங்க."

ஆதம்பாவா அடுத்த வீட்டு மதிலை முறைத்துப் பார்த்தார்.

"அவன் கத்தின நாளிலிருந்து அதைத்தான் தேடிக்கிட்டிரிக்கன் காக்கா. இன்னும் ஒண்டும் அம்பிடல்ல."