சர்வீஸ் சார்ஜ்

"பம்ப் எல்லாம் எங்கய்யா போச்சு?"

பம்ப் கம்பெனி முதலாளி வேங்கடசாமியின் குரல் பட்டறைவரை கேட்டது. கம்ப்யூட்டர் திரையை விரலால் குத்தினார். எதிரே, தோளில் லேப்டாப் பையோடு தமிழ்ச்செல்வன் நின்றிருந்தார். கணக்கு சாஃப்ட்வேருக்கு சர்வீஸ் ஆள்.

"மாட்டுத் தீவனம் இருக்குது. புண்ணாக்கு இருக்குது. இந்த மாசம் ஒரு பம்ப்கூட விக்கலைன்னு காட்டுது உன்ற சாஃப்ட்வேரு. பெரியநாயக்கன்பாளையத்துல நான் என்ன மாட்டுக் கட்டுத்தரையா நடத்தறேன்?"

"பார்த்துச் சொல்றேனுங்க."

"என்னத்தப் பார்ப்பே? போன வாரமும் இதையேதான் சொன்னே. உன்ற மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு பிரஷர் ஏறுது."

"தப்புத்தானுங்க."

மூலையில் ஹுமேரா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கணக்கு எழுதப் புதிதாகச் சேர்ந்தவள். அடுத்தது தான்தான் என்று பயந்தாள். ஆனால் முதலாளி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்தச் சாமானுக்கும் கூப்பிட்டா வந்து நிக்க ஒரு ஆள் வேணும். இல்லாட்டி, சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாம்னு என்ற பையன் சசிதர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். அவன் போயும் போயும் உன்னையப் புடிச்சான் பாரு!"

மேசையைத் தட்டிவிட்டுப் பட்டறைப் பக்கம் போனார். தமிழ்ச்செல்வன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தார்.

ஹுமேரா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அந்த சாஃப்ட்வேரில் கம்பெனிக் கணக்கும் இருந்தது, முதலாளியின் வீட்டுக் கணக்கும் இருந்தது. அவர் வீட்டுக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பம்பைத் தேடியிருக்கிறார். அவள் கம்பெனிக் கணக்குக்கு மாற்றினாள். பம்புகள் எல்லாம் இருந்தன.

பாவம் அந்த மனுஷன் என்று தோன்றியது. செய்தவர்கள் யார் என்று பார்க்க, சாஃப்ட்வேரின் விவரப் பக்கத்தைத் திறந்தாள்.

இரக்கம் அத்தோடு போயிற்று. அது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். யார் யாரோ சேர்ந்து எழுதியது. எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உத்தரவாதம் எதுவும் கிடையாது. காலையில்தான் அவள் தன் கையால் தமிழ்ச்செல்வனுக்கு மாத சர்வீஸ் சார்ஜ் வவுச்சர் போட்டிருந்தாள்.

வராந்தாவில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது ஃப்ரீ சாஃப்ட்வேருதானுங்களே?"

அவர் டம்ளரை வைத்தார். "மெதுவாப் பேசுங்க அம்மணி."

"நீங்க எழுதுனதா?"

"இல்லீங்க."

"ரிப்பேராவது பாக்கறீங்களா?"

"அதெல்லாம் சசிதரே பார்த்துக்குவாருங்க."

"கம்ப்யூட்டர் எதுவரைக்கும் படிச்சீங்க?"

"காங்கேயம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவனுங்க நானு."

ஹுமேரா ஓரடி முன்னால் வந்தாள். "வெக்கமா இல்லீங்களா? மாசாமாசம் கை நீட்டி வாங்கறீங்க. இப்பவே பெரியவர்கிட்ட சொல்றேன்."

"சொல்லிப்போடாதீங்க. இந்த வேலையும் போச்சுன்னா, இந்த வயசுல என்னைய எவனும் பஸ்ஸுல ஏத்த மாட்டான்."

"இதுக்குப் பேரு வேலைங்களா?"

"நானாத் தேடி வரலீங்க. ஒரு நாளு சில்லறைத் தகராறுல பஸ்ஸே சேர்ந்து என்மேல கத்துச்சு. நான் வாயே தொறக்காம டிக்கெட் கிழிச்சுட்டு இருந்தேன். பின்னாடி சீட்டுல சசிதர் இருந்திருக்காரு. எறங்கும்போது, எங்க கம்பெனிக்கு வர்றீங்களான்னு கேட்டாரு."

"நல்லாக் கதை சொல்றீங்க. அதுக்கும் சாஃப்ட்வேருக்கும் என்னங்க சம்பந்தம்?"

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். வேங்கடசாமி திரும்பி வந்துவிட்டார்.

"இப்ப பம்ப் எல்லாம் வந்திருச்சு! ஏன், காத்தாலயே வர்றதுக்கு என்ன கேடு? எங்கய்யா போனான் அவன்?"

தமிழ்ச்செல்வன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே கிளம்பினார். ஹுமேரா வழியை மறித்தாள்.

"பதில் சொல்லிட்டுப் போங்க. உங்களுக்கு எதுக்குத்தான் சம்பளம்?"

"திட்டு வாங்கறதுக்குங்க."