செவிடு என்று எழுதித் தாருங்கள்

1972, ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. தஞ்சாவூரில் ஆடிக் காற்று சுழன்றடித்தது. மழை மேகம் ஒன்றையும் காணோம்.

“காது சுத்தமா கேக்காதுங்க டாக்டரய்யா! செவிடுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, நாலு மணிக்குள்ள கொண்டுபோயி ஆபீசுல சேத்துருவேன்!”

இவ்வாறு பரபரத்தவர் முருகையன். மன்னார்குடிப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் காரியஸ்தர். அவரருகே, மடிப்புக் கலையாத பட்டுப் பாவாடையில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். ‘சுலோசனா, பண்ணையார் மகள்’ என்றது சீட்டு.

குழந்தைகளின் காது, மூக்கு, தொண்டைக்கென்றே அமைந்த அந்த ஆஸ்பத்திரிப் பிரிவின் செவிலியான ஆக்னஸுக்கு நெஞ்சு பதறியது. பேராவூரணியிலிருந்து சென்ற மாதம் வந்த ஒரு பெண்குழந்தையை அவள் இன்னும் மறக்கவில்லை. செவிப்பறைக்குப் பின்னால் சளி கட்டியிருந்ததை எவரும் அறியாமல், ஆறாண்டுகள் ‘செவிட்டுக் குட்டி’ என்றே வளர்த்திருந்தார்கள். இவளுக்கும் அக்கதி நேரலாமா?

டாக்டர் இப்ராஹிம் சிறுமியை ஸ்டூலில் உட்காரவைத்து, காதினுள் விளக்கொளியைச் செலுத்திப் பார்த்தார்.

“சவ்வு நல்லாத்தான் இருக்கு. கேக்கலன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“போன வாரம் பண்ணைக்கு ஆபீசர் வந்தாருங்க. அத்தனை பேருக்கு முன்னால ‘சுலோசனா, சுலோசனா’ன்னு மூணு தடவ கூப்பிட்டாரு. இது பாட்டுக்குக் கோழிய வேடிக்க பாத்துக்கிட்டு நிக்குது! காது கேக்காதுங்கன்னேன். அப்ப டாக்டர் எழுத்து கொண்டான்னுட்டாரு.”

ஆக்னஸ் பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தாள். சிறுமி திரும்பவில்லை. டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்து, கேட்டால் கையைத் தூக்கும்படி சைகை காட்டினார். கைகள் மடியிலேயே கிடந்தன.

“பாத்தீங்களா? இடியே விழுந்தாலும் இப்படித்தான்!” என்ற முருகையனின் முகம் மலர்ந்தது.

அம்மலர்ச்சியைக் கண்டு ஆக்னஸ் கொதித்தாள். “ஏங்க, பொம்பளப் புள்ளதானேன்னு இவ்வளவு லேசா செவிட்டுப் பட்டம் கட்டுறீங்களே! ஆம்பளப் புள்ளயா இருந்தா இப்படிக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நிப்பீங்களா?”

“நீங்க ஒண்ணு, சிஸ்டர்! மருந்தா கேட்டேன்? எழுத்துத்தானே கேட்டேன்!”

மேசை மணியை ஓங்கி அடித்தாள் ஆக்னஸ். தலை அசையவில்லை, ஆனால், கண்ணிமை ஒருமுறை துடித்தது! அவளுடைய மனம் துள்ளியது.

“டாக்டர், இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடறேன்!”

“சீக்கிரம் சிஸ்டர். அதுக்கும் அசையலன்னா நான் எழுதித்தான் ஆகணும்.” அவர் பேனாவைத் திறந்தார்.

ஆக்னஸ் சிறுமியின் முதுகுப்புறம் மண்டியிட்டாள். பக்கத்தில் நிற்பவருக்கும் எட்டாத மெல்லிய குரலில், “பாப்பா, உன் ஸ்டூலுக்குக் கீழ ஒரு வயல் நண்டு போவுது,” என்றாள்.

“எங்க? பெருசா?”

ஸ்டூல் ஒரு பக்கம் உருண்டது. சிறுமி ஒரு பக்கம் பாய்ந்தாள். பட்டுப் பாவாடையை வரிந்து செருகிக்கொண்டு, மேசைக்கடியில் இரு கைகளாலும் துழாவத் தொடங்கினாள். “வளைக்குள்ள போறதுக்குள்ள முதுகுல அமுக்கணும் சிஸ்டர்! கொடுக்குப் பக்கம் கைய விட்டுடாதீங்க!”

“கேக்குது! டாக்டர், கிசுகிசுன்னு சொன்னதே கேக்குது!” ஆக்னஸ் அவளை அள்ளித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். வெளியே காத்திருந்த தாய்மார்கள் வாசலில் குவிந்துவிட்டார்கள். காரணம் தெரிந்த ஒருத்தி கை தட்டினாள். தெரியாதவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ‘சுலோசனா என்னும் இச்சிறுமியின் இரு செவிகளும் நலமாக உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். “சந்தோஷமா போங்க முருகையன். பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல!”

முருகையன் சுவரைப் பிடித்துக்கொண்டார். “போச்சு… குடி கெட்டுது!”

இதென்ன விந்தை? நல்ல செய்தி கேட்டு இடிந்துபோகும் மனிதரும் உலகில் உண்டா? ஆக்னஸ் சிறுமியின் மோவாயைத் தொட்டாள்.

“ஏண்டா கண்ணு, இவ்வளவு நல்லா கேக்குதே, இத்தனை நேரம் ஏன் சும்மா இருந்த?”

“என்ன சத்தம் கேட்டாலும் அசையக் கூடாதுன்னு இந்த அய்யா சொன்னாங்க.”

“அன்னிக்கு ஆபீசர் கூப்பிட்டப்ப?”

“அன்னிக்கு மறந்துட்டேன் சிஸ்டர். எம்பேரு காத்தாயி, பண்ணையில மாடு பாக்குற ரெத்தினத்தோட மவ. பண்ணையாருக்குப் பொண்ணே கெடையாது. நில உச்சவரம்பு ஆபீசரு வந்தா மட்டும் நாந்தான் சுலோசனா. அந்தப் பேருல பதினஞ்சு ஏக்கரு இருக்காம்!”

டாக்டர் இப்ராஹிம் மூடிய பேனாவை மீண்டும் திறந்து, சான்றிதழில் ‘சுலோசனா’வை அடித்துவிட்டு, ‘காத்தாயி’ என்று எழுதி முடித்தபோது, மணி சரியாக மூன்று நாற்பது.