எதிர்த்தரப்பு

“அக்கா என்ன சார் சொன்னா?”

நாற்காலியில் உட்காரும் முன்பே தையல்காரம்மா கேட்டுவிட்டாள்.

வக்கீல் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே இரண்டு பேர் ஏணி போட்டு அவருடைய பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக மாட்ட வேண்டிய புதுப் பலகை சுவரில் சாய்ந்து நின்றது. வீடு கட்டி விற்கும் கம்பெனி, அதுவும் அவருடையதுதான். குடும்பச் சண்டையில் சிக்கிய வீட்டை எவனும் சீந்த மாட்டான், சிக்கலை அவிழ்க்கத் தெரிந்தவனுக்கு அது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். இத்தனை வருடம் கறுப்பு அங்கி மாட்டி அவர் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

“என்னத்தச் சொல்லுவாங்க? அதே பல்லவிதான்” என்றார். “வீடு இடிஞ்சு மண்ணாப் போனாலும் போகட்டும், அவளுக்கு ஒரு செங்கல்கூட விட்டுத் தர மாட்டேன்னு அவங்க வக்கீல்கிட்ட சொல்லியிருக்காங்க.”

தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா விட்டுப்போன வீடு. மாடியில் அக்கா, கீழே தங்கை. படிக்கட்டு யாருக்கு என்று ஒரு நாள் பேச்சு வந்தது, வார்த்தை தடித்தது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலை பார்க்கும் ஊருக்கே போய்விட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்தார்கள். தீர்ப்பு வரும்வரை வீட்டில் யாரும் பழுதுபார்க்கக்கூடக் கைவைக்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. அன்றிலிருந்து மழை பெய்தால் மேலே ஒழுகும், கீழே சுவரெல்லாம் ஓதம். தையல் மெஷினை அறை அறையாக இழுத்துக்கொண்டு அலைவதே தங்கைக்குப் பிழைப்பாகிவிட்டது.

“நான் ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேனே சார்.”

“எதுக்கு?”

“எங்களுக்கு வேற யார் இருக்கா? அவ கல்யாணமே பண்ணிக்கல. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டாரு, பிள்ளையும் இல்ல. அவளுக்கு நான், எனக்கு அவ. என் பாதியையும் அவளே வெச்சுக்கட்டும். என்னோட பேசினாப் போதும்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“முதல் நாளே என்னம்மா சொன்னேன்? கேஸ் நடக்கறப்ப எதிர்த்தரப்போட பேசக் கூடாது.”

“பேசலையே சார். நீங்க சொன்னீங்கன்னு ஃபோன் நம்பரைக்கூட மாத்திட்டேன்.”

“ஏன் மாத்தச் சொன்னேன்? நீங்க பாசத்துல எதையாவது உளறுவீங்க. அவங்க அதை ரெக்கார்டு பண்ணி ஜட்ஜுக்குப் போட்டுக் காட்டுவாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். போன வாய்தாவுலகூட, அவ வாசல்ல வந்து நின்னா போலீஸைக் கூப்பிடுவேன்னாங்களாம்.”

“அக்காவா சொன்னா?”

“அக்காதான்.”

“எனக்கு அம்மை போட்டிருந்தப்ப, ஒட்டிக்கும்னு எல்லாரும் ஒதுங்கினாங்க சார். அவதான் பக்கத்துலயே படுத்துக்கிட்டா.”

“கோர்ட் படி ஏறினப்புறம் அக்காவாவது தங்கச்சியாவது” என்றார் வக்கீல். குரலில் பரிவு இருந்தது. “இப்ப ஒரே வழிதான். உங்க பங்கை என் கம்பெனிக்குக் கொடுத்துட்டு ஒதுங்கிடுங்க. அப்புறம் உங்க அக்கா பாடு, என் பாடு. நான் மல்லுக்கட்டிக்கறேன். நீங்க சண்டையிலேயே இல்லைன்னா அவங்களுக்கு உங்க மேல என்ன கோபம் இருக்கப் போவுது?”

கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

குமாஸ்தா பத்திரத்தை நீட்டினார். துணியில் தையல் தையலாகப் பார்ப்பவள், வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

“பாதின்னு எழுதலையே சார்? எனக்குள்ள சகல உரிமையும்னு இருக்கு.”

“பாதின்னு எழுதினா எந்தப் பாதின்னு அடுத்த கேஸ் வரும்மா. உங்களுக்கு உள்ளது என்ன, பாதிதானே?”

“ஆமா.”

கையெழுத்துப் போட்டாள். மத்தியானமே பதிவும் முடிந்தது. பதிவு அலுவலகத்து வராந்தாவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீடு போன துக்கம் அந்த முகத்தில் கொஞ்சமும் இல்லை.

“இனிமே அவ எனக்கு எதிர்த்தரப்பு இல்லையே சார். போய்ப் பார்க்கலாமில்ல?”

“தாராளமா.”

“அவளுக்கு ரெண்டு சட்டை தெச்சு வெச்சிருக்கேன். அளவு பழசு. இளைச்சிருக்காளோ, பெருத்திருக்காளோ.”

“பிரிச்சுத் தெச்சுக்கலாம்மா” என்றார் வக்கீல், கடிகாரத்தைப் பார்த்தபடி.

அவள் வேகமாகத் தெருவில் இறங்கிப் போனாள். போகிறவளையே பார்த்துக்கொண்டு நின்ற குமாஸ்தா தொண்டையைச் செருமினார்.

“சார், அந்தம்மா இன்னிக்கே பஸ் ஏறிடுவாங்க போலிருக்கே.”

“ஏறட்டும்.”

“அங்க போய் விஷயம் தெரிஞ்சு, நம்ம மேல கேஸ் போட்டாங்கன்னா?”

“போடட்டும்யா. கேஸை எப்படி இழுக்கறதுன்னு எனக்கா சொல்லித் தரணும்?”

போன மழைக்காலத்தோடு, அக்கா கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கே வீடு முழுவதும் தங்கைக்குச் சொந்தமாகிவிட்டது. சாவதற்கு முன் தங்கையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று, அவளுடைய புது நம்பர் தெரியாத, எதிர்த்தரப்போடு வக்கீல் மூலம்தான் பேசலாம் என்று சொல்லப்பட்டிருந்த அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை ஆள் அனுப்பியது இந்த வக்கீலிடம்தான்.