கூடிப்போன ஒயில்

ஜெனரேட்டருக்கு அடியில் வழிந்திருந்த ஒயிலைத் துடைத்துவிட்டு, சதீஸ் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான்.

"எங்கயும் உடைப்பு இல்லக்கா. ஒயில் கூடிப்போய்த்தான் வழியுது. எத்தனை வாட்டி ஊத்துனீங்க?"

"காலையும் அந்தியும் ஊத்துனேன்," என்றாள் கலாராணி. "மழையில கரண்ட் போய் மூணு நாளாச்சு. இதுவும் நின்னுட்டா போன் சார்ஜ் ஏறாது. புசல்லாவைக்குப் போன மகன் கூப்பிடுவான்ல."

கூடின ஒயிலை அவன் வடித்தான். எஞ்சின் கசியாமல் ஓடியது. துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"கூப்பிடாமலே வந்து சரி பண்ணிக் குடுத்தீங்க தம்பி. தேத்தண்ணி ஊத்துறேன், இருங்க."

சதீஸ் எழும்பவில்லை. காலையில் புசல்லாவை மண்சரிவில் தோண்டியவர்களில் அவனும் ஒருவன். அவன் சட்டைப்பைக்குள் சேறு காய்ந்த, அவள் மகனின் போன் இருந்தது.