திருட்டுக் கேக்

“அடிப்பாவி! சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற மனுஷி கையிலேர்ந்து தண்ணி டம்ளரைப் பிடுங்குறாளே!”

சமையலறை ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சிசிடிவி அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்தக் குடியிருப்பில் அவளுக்கு அதுதான் பெயர். எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன பையோடு திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

எதிர்வீட்டு மருமகள் டம்ளரோடு விட்டாளா? மாமியார் ஆசையாகக் கை வைத்த ரொட்டியையும் நகர்த்தினாள்.

“முதல்ல முட்டையைச் சாப்பிடுங்க அத்தை. அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

தட்டாவது தட்டு! டீ கப்புக்கு அடியில் வைக்கும் சாஸர். பூனைக்கு வைத்தால் அதுகூடக் கோபித்துக்கொண்டு போய்விடும்.

சாயங்காலம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்க வந்த மாமியாரை அக்கா வளைத்துப் பிடித்தாள்.

“ஏம்மா, உங்க வீட்டுல சோறு போடுறாங்களா, இல்லையா?”

கேட்டதுதான் தாமதம், மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“உடம்பு குறையணும்னு ஆபரேஷன் பண்ணி வயித்தைச் சின்னதாக்கிட்டாங்கம்மா. சரி, நாக்கையுமா வெட்டிட்டாங்க? எந்நேரமும் புரோட்டீன் புரோட்டீன்னு உசுரை வாங்குறா. சாப்பிடுறப்போ தண்ணி குடிச்சா புரோட்டீனுக்கு வயித்துல இடம் இருக்காதாம். ஒரு பவுடரைக் கரைச்சு நீட்டுவா பாரு, அதை வெச்சு சுவத்துக்கு வெள்ளையடிக்கலாம்! அவ அந்தப் பக்கம் திரும்பினதும் சிங்க்ல ஊத்திடுவேன்.”

சொல்லிக்கொண்டே தலையைக் கோதினாள். விரலோடு கொத்தாக முடி வந்தது.

“பார்த்தியா? முடி இப்படிக் கொட்டுது. நாலு படி ஏறினா கண்ணு இருட்டுது.”

“இப்படிக் கொடுமைப்படுத்தினா முடி கொட்டாம என்ன பண்ணும்? நீங்க கவலைப்படாதீங்க. நான் இருக்கேன்.”

மறுநாளே தெருமுனை பேக்கரியிலிருந்து ஒரு சாக்லேட் கேக் மொட்டைமாடி ஏறியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மாமியார் அதை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, தலை சுற்றியது, பாவம், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

‘பட்டினி போட்டுப் போட்டு மனுஷியை இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டாளே!’ என்று அக்கா பல்லைக் கடித்தாள். இனி ஒருநாள்கூட விடக்கூடாது என்று முடிவும் எடுத்தாள்.

அதற்குப் பிறகு கேக் கடத்தல் தினப்படி வேலையாகிவிட்டது. பேக்கரியில் நின்று மருமகளை நாலு வார்த்தை திட்டாமல் அக்காவுக்குப் பொட்டலம் வாங்கத் தோன்றாது.

“மருமகளா அவ? ராட்சசி! நான் மட்டும் இல்லைன்னா அந்தம்மா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாங்க.”

பேக்கரிக்காரர் தலையைக் குனிந்தபடி பொட்டலம் கட்டுவார். நல்ல மனுஷர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார்.

மாமியாருக்கோ ஒரே குஷி.

“கேக்கு கொஞ்சம் ரப்பர் மாதிரிதான் இருக்கு. ஆனா அவளுக்குத் தெரியாம திங்கிறோம் பாரு, அந்த ருசியே தனி!”

போகப் போக அவள் முகத்தில் களை வந்தது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள். ஒருநாள் மாமியாரும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும்போது அக்கா படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டு விசாரித்தாள்.

“டாக்டரே அசந்துட்டார் அக்கா,” என்றாள் மருமகள். “ரத்தத்துல புரோட்டீன் நல்லா ஏறியிருக்காம். முடி கொட்டுறதும் நின்னுடுச்சு.”

மாமியார் மருமகளுக்குத் தெரியாமல் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

‘நீ கொடுத்த அரை முட்டையிலயா ஏறுச்சு? எல்லாம் என் கேக்குடி!’ என்று அக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தப் பூரிப்போடு நேராக பேக்கரிக்குப் போனாள்.

“இன்னைக்கு ரெண்டா கட்டுங்க!”

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

“இன்னைக்கு இல்லைங்களே. பவுடர் தீர்ந்துபோச்சு.”

“எந்தப் பவுடர்? கண்ணாடி அலமாரி நிறைய கேக் இருக்கே, அதுல எடுங்க.”

“ஐயையோ, அதுல சர்க்கரை இருக்கு. ஆபரேஷன் பண்ணின வயித்துக்கு அது ஆகாதாம். முதநாள் அதைத் தின்னுதானே அந்தம்மாவுக்கு மயக்கமே வந்துச்சு!”

“அது உங்களுக்கு யார் சொன்னது?”

பேக்கரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

“அந்த மருமகப் பொண்ணுதான். நீங்க எங்க கடைப் பொட்டலத்தோட மாடி ஏறினதையும், மாமியார் வாயோரத்துல ஒட்டியிருந்த சாக்லேட்டையும் பார்த்துட்டு, மறுநாள் காலையிலேயே இங்க வந்துச்சு. சண்டைக்குத்தான் வருதுன்னு நான் நடுங்கிப்போயிட்டேன். பார்த்தா கையில புரோட்டீன் பவுடர் டப்பா! சர்க்கரை வேணாம், மைதா வேணாம், இந்தப் பவுடரும் முட்டை வெள்ளையும் போட்டு தினம் ஒண்ணு பண்ணுங்க, அந்த அக்கா வந்து கேட்டா இதையே கொடுங்கன்னுச்சு.”

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊரெல்லாம் அவளை ராட்சசின்னு திட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே!”

“நானும் அதைத்தாங்க சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்டாத்தானே! ‘வேணாம்ண்ணே, நான் கொடுத்தா அத்தைக்குத் தொண்டையில இறங்காது. அக்கா என்னை நல்லாத் திட்டட்டும். என் மேல இருக்கிற கோவம் தீர்ந்துடுச்சுன்னா, கேக் கொடுக்கிறதை நிறுத்திடுவாங்க’ன்னு சொல்லிடுச்சு.”